டெஸ்லா சுருளில் அத்தனை வோல்ட் எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள அறிவியல் நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன பெற்றோரில் பலர் டெஸ்லா சுருள் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஊதா நிறத்தில் கிளை கிளையாக மின்பொறி பாயும். காதை அடைக்கும் அளவுக்குச் சத்தம் வரும். பார்த்துவிட்டு வருகிறவர்களின் பேச்சைக் கேட்டால் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். "உள்ளே ஆயிரம் சுற்று கம்பி இருக்கு, அதனாலதான் மில்லியன் வோல்ட் வருது." "வோல்ட் அதிகம், ஆனா கரண்ட் கம்மி, ஒன்னும் செய்யாது." "அந்தக் கரண்ட் தோலுக்கு மேலேயே ஓடிடும், உடம்புக்குள்ள போகாது."

மூன்றுமே தவறு. முதலாவதை நம்பினால் சுருள் எப்படி வேலை செய்கிறது என்பது கடைசி வரை புரியாது. மற்ற இரண்டையும் நம்பினால் உயிரே போகலாம். வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தாங்களே ஒரு சுருள் கட்டிப் பார்க்க ஆசைப்படும் இளையர்கள் கேட்கிற கேள்விகளுக்கு அடியிலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். உயர்நிலைப் பள்ளியில் படித்த மின்சாரப் பாடம் லேசாக நினைவிருந்தால் போதும்.

சாதாரண டிரான்ஸ்பார்மரின் கணக்கு இங்கே செல்லாது

முதலில் நமக்குப் பழக்கமான டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். ஓர் இரும்புச் சட்டம், அதன் மேல் இரண்டு கம்பிச் சுருள்கள். மின்சாரம் நுழையும் சுருளுக்கு முதன்மைச் சுருள் என்று பெயர். வெளியேறும் சுருளுக்குத் துணைச்சுருள் என்று பெயர். முதன்மையில் 100 சுற்றும் துணைச்சுருளில் 1,000 சுற்றும் இருந்தால் மின்னழுத்தம் பத்து மடங்காகும். ஒரு சுருளில் உண்டாகும் காந்தப்புலம் இரும்பு வழியாக ஏறக்குறைய முழுவதும் மற்றதற்குள் போய்விடுகிறது. அதனால்தான் சுற்றுகளின் விகிதம் அப்படியே அழுத்தத்தின் விகிதமாகிறது.

டெஸ்லா சுருளில் இரும்பே கிடையாது. கீழே தடித்த செம்புக் குழாயில் பத்துப் பன்னிரண்டு சுற்று. அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் மெல்லிய கம்பியில் சுமார் ஆயிரம் சுற்று. இடையில் வெறும் காற்று. கீழ்ச்சுருளின் காந்தப்புலத்தில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் மேல்சுருளைத் தொடுகிறது. இந்த அளவைப் பிணைப்பு என்பார்கள். இவ்வளவு தளர்ந்த பிணைப்பில் "ஆயிரத்தைப் பன்னிரண்டால் வகு" என்ற கணக்கு செல்லாது.

அப்படியென்றால் பிணைப்பை இறுக்கிவிட்டால் என்ன? இரண்டு சுருளையும் மிக நெருக்கமாக வைத்தால் பொறி மேலே போகாது. துணைச்சுருளின் உடம்பிலேயே சுற்றுக்குச் சுற்று தாவிக் கம்பியை எரித்துவிடும். அதனால் கட்டுகிறவர்கள் வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார்கள். ஆக, தளர்ந்த பிணைப்போடு பெரிய அழுத்தத்தை எடுக்க வேறொரு வழி தேவைப்படுகிறது. நிக்கோலா டெஸ்லா 1891இல் காப்புரிமை பெற்றது அந்த வழிக்குத்தான். அப்போது அவர் யோசித்துக்கொண்டிருந்தது விளக்கு எரிக்கும் ஏற்பாட்டைப் பற்றி. பொறி பறக்கும் காட்சி அவருடைய நோக்கமாக இருக்கவில்லை.

ஒரே கயிற்றில் இரண்டு ஊஞ்சல்

இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிற்றைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள். அதிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு ஊஞ்சல்களைத் தொங்கவிடுங்கள். ஒன்றில் கனமான அண்ணன், இன்னொன்றில் ஒல்லியான தங்கை. அண்ணனை மட்டும் ஒருமுறை நன்றாக இழுத்து விடுகிறோம். தங்கையை யாரும் தொடவில்லை.

அண்ணன் ஆடும்போது மேலே இருக்கும் கயிறு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லேசாக அசைகிறது. அந்த அசைவு தங்கையின் ஊஞ்சலைத் துளி துளியாக இழுக்கிறது. இரண்டு ஊஞ்சலும் ஒரே நீளம் என்பதால் இரண்டின் தாளமும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு சிறு இழுப்பும் சரியான நேரத்தில் விழுந்து முந்தையதோடு சேர்கிறது. சில ஆட்டங்களில் தங்கை ஏறிக்கொண்டே போவாள், அண்ணன் அடங்கிக்கொண்டே வருவான். ஒரு கட்டத்தில் அண்ணன் நின்றேவிடுவான். அவனிடம் இருந்த ஆற்றல் முழுவதும் தங்கையிடம் போயிருக்கும். அவள் எடை குறைவு என்பதால், அதே ஆற்றலில் அண்ணன் ஆடியதைவிட அதிக உயரத்துக்குப் போவாள்.

இப்போது ஓர் ஊஞ்சலின் கயிற்றைச் சுருக்கிவிடுங்கள். தாளம் பிசகும். ஓர் இழுப்பு உதவும், அடுத்தது தடுக்கும். தங்கை கொஞ்சம் அசைந்துவிட்டு அப்படியே இருப்பாள். தாளம் பொருந்தும்போது மட்டும் இப்படி ஆற்றல் கைமாறிச் சேர்வதை ஒத்ததிர்வு என்கிறோம். டெஸ்லா சுருள் முழுவதும் இந்த ஒத்ததிர்வின் மேல்தான் நிற்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இரண்டுக்கும் தாளம் பொருந்த வேண்டும், இடையில் லேசான பிணைப்பு இருக்க வேண்டும், ஆற்றலைப் பெறுவது இலேசானதாக இருக்க வேண்டும். உயரம் இந்த மூன்றிலிருந்து வருகிறது.

மின்சாரத்தில் ஊஞ்சல் எது?

இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருளை வைத்தால் அது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும். அதுதான் மின்தேக்கி, கடையில் கெப்பாசிட்டர் என்று கேட்டு வாங்குவது. அதன் கொள்ளளவை ஃபாரட் என்ற அலகில் அளப்பார்கள். நிரம்பிய மின்தேக்கியின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பிச் சுருளோடு இணைத்தால் மின்னோட்டம் சுருளில் பாய்ந்து காந்தப்புலமாகிறது. மின்தேக்கி காலியான பிறகும் அந்தப் புலம் மின்னோட்டத்தை நிற்க விடாமல் தள்ளி, மின்தேக்கியை எதிர்த் திசையில் நிரப்பிவிடுகிறது. பிறகு அதே ஓட்டம் திரும்பி வரும். ஒரு விநாடிக்கு இப்படி எத்தனை முறை போய்வருகிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மின்தேக்கி பெரிதானாலோ சுருளின் சுற்றுகள் கூடினாலோ அதிர்வெண் இறங்கும்.

டெஸ்லா சுருளில் இப்படி இரண்டு இணைகள் உள்ளன. கீழே இருப்பது அண்ணன்: ஒரு பெரிய மின்தேக்கியும் முதன்மைச் சுருளும். மேலே இருப்பது தங்கை: துணைச்சுருளும் அதன் தலையில் இருக்கும் உலோக வளையமும்.

புதிதாக வருகிறவர்கள் அந்த வளையத்தை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் இரண்டாவது மின்தேக்கியின் ஒரு தகடு. மற்றொரு தகடு நம் காலடியில் இருக்கும் தரையும் சுற்றியுள்ள சுவர்களும். நடுவில் காற்று. இவ்வளவு தள்ளி இருப்பதால் அதன் கொள்ளளவு மிக மிகச் சிறியது. அந்தச் சிறுமையில்தான் விஷயமே இருக்கிறது. வளையம் உருண்டையாக, வழவழப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கூர்முனை இருந்தால் மின்புலம் அங்கே குவிந்து, அழுத்தம் ஏறுவதற்கு முன்பே ஒழுகிவிடும். உருண்டையான பரப்பு அந்த ஒழுக்கைத் தள்ளிப்போடுகிறது.

யார் இழுத்து விடுவது?

அண்ணனை முதலில் இழுத்து, சட்டென்று விட வேண்டுமே. அந்த வேலையைச் செய்வது தீப்பொறி இடைவெளி. பெயரில் இருப்பதுதான் பொருள்: இரண்டு உலோக முனைகள், நடுவில் சில மில்லிமீட்டர் காற்று.

வீட்டு மின்சாரத்தை ஓர் இரும்பு டிரான்ஸ்பார்மர் சுமார் 15,000 வோல்ட்டாக உயர்த்தி மின்தேக்கியை நிரப்புகிறது. இங்கே மட்டும் பழைய சுற்று விகிதக் கணக்கு செல்லும். அழுத்தம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் இடைவெளியில் இருக்கும் காற்று தாங்காமல் உடைந்து மின்கடத்தியாகிறது. அந்த நொடியில் மின்தேக்கி முதன்மைச் சுருளுக்குள் கொட்டித் தீர்க்கிறது, ஊஞ்சல் ஆடத் தொடங்குகிறது. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வோர் அலைக்கும் இரண்டு உச்சங்கள் இருப்பதால் விநாடிக்கு ஏறத்தாழ நூறு முறை இது நடக்கும். அந்த உறுமல் சத்தத்தின் அடிநாதம் இதுதான்.

சரி, ஆற்றல் முழுவதும் மேலே போய்ச் சேர்ந்த பிறகு? ஊஞ்சலில் பார்த்தோம், அடுத்ததாக அது அண்ணனிடமே திரும்பி வரும். அதைத் தடுக்க, சரியாக அந்த வேளையில் இடைவெளியின் பொறி அணைந்துவிட வேண்டும். அணைந்தால் கீழ்ப்பக்க மின்சுற்று அறுந்துபோகும், ஆற்றல் மேலேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் சூடான காற்று அவ்வளவு சீக்கிரம் அணையாது. அதனால்தான் ஓர் இடைவெளியைப் பல சிறு இடைவெளிகளாகப் பிரித்து வரிசையாக வைக்கிறார்கள், விசிறி வைத்து ஊதுகிறார்கள். ஒரு சுருள் நன்றாகக் கட்டப்பட்டதா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது இந்த இடைவெளியைத்தான். பெரிய வளையமும் பளபளக்கும் கம்பியும் வைத்துவிட்டு, இடைவெளிக்கு இரண்டு ஆணிகளோடு நிறுத்திக்கொண்ட சுருள் ஒருபோதும் முழு நீளத்துக்குப் பொறி விடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு நடுத்தர அளவுச் சுருளை எடுத்துக்கொள்வோம். துணைச்சுருள் 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயில் அரை மில்லிமீட்டர் கம்பியால் 1,000 சுற்று. இதற்கே கிட்டத்தட்ட 345 மீட்டர் கம்பி போய்விடும். வளையத்தோடு சேர்த்து அதன் கொள்ளளவு சுமார் 25 பிக்கோஃபாரட். கீழே இருக்கும் மின்தேக்கி 10 நானோஃபாரட் (ஒரு நானோ 1,000 பிக்கோ), அதாவது மேலே உள்ளதைப் போல் 400 மடங்கு. இந்தச் சுருளின் அதிர்வெண் ஏறத்தாழ 225 கிலோஹெர்ட்ஸ் வரும்.

15,000 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் உச்ச அழுத்தம் சுமார் 21,000 வோல்ட். மின்தேக்கியில் சேரும் ஆற்றல், கொள்ளளவையும் அழுத்தத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி. இங்கே அது 2.2 ஜூல். இதே 2.2 ஜூல் 400 மடங்கு சிறிய மின்தேக்கிக்குள் போய் உட்கார வேண்டும் என்றால் அழுத்தம் 400இன் வர்க்கமூலம், அதாவது 20 மடங்கு ஏற வேண்டும். 21,000ஐ 20ஆல் பெருக்கினால் 420,000 வோல்ட். எந்த இழப்பும் இல்லாத நிலையில் கிடைக்கும் உச்சவரம்பு இது. பொறி இடைவெளியில் வெப்பமாகப் போவதைக் கழித்தால் இன்னும் குறையும்.

சுற்று விகிதத்தை நம்பினால் என்ன விடை வரும்? 1,000ஐ 12ஆல் வகுத்து 21,000ஆல் பெருக்கினால் 1.75 மில்லியன். உண்மையான உச்சவரம்பைப் போல் நாலு மடங்குக்கும் மேல். வீட்டில் கட்டிய சுருளுக்கு யாராவது "மில்லியன் வோல்ட்" என்று சொன்னால், பெரும்பாலும் இந்தத் தவறான கணக்குதான் பின்னால் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆற்றல் கணக்கில் துணைச்சுருளின் சுற்று எண்ணிக்கை வரவே இல்லை. ஆயிரம் சுற்று போடுவது இரண்டு தாளங்களையும் பொருத்துவதற்காக.

இங்கே இலவசமாக வந்த ஆற்றல் ஏதும் இல்லை. உள்ளே போன 2.2 ஜூல்தான் வெளியே வருகிறது. ஆனால் அது சுமார் 20 மைக்ரோவிநாடியில் கைமாறுவதால், அந்தக் கணத்தில் மட்டும் திறன் 100 கிலோவாட் அளவுக்குப் போகிறது. சுவரிலிருந்து எடுப்பது 450 வாட்தான், ஒரு மிக்சியின் அளவு. மெதுவாகச் சேர்த்துச் சட்டென்று விடுவதால் வரும் வேகம் இது. டெஸ்லா 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிரம்மாண்டமான சுருளைக் கட்டிச் சோதித்ததும், 1901இல் லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரத்தைத் தொடங்கியதும் உண்மை. கம்பியில்லாமல் வெகுதூரத்துக்கு மின்சாரம் அனுப்பும் கனவு அங்கே நிறைவேறவில்லை. 1917இல் கோபுரத்தை இடித்துவிட்டார்கள். "இலவச மின்சாரத்தை மறைத்துவிட்டார்கள்" என்று சொல்லும் வீடியோக்கள் இந்த ஆற்றல் கணக்கைத் தொடுவதே இல்லை.

சுருக்கமாக: அழுத்தம் ஏறுவதற்குக் காரணம் இரண்டு மின்தேக்கிகளின் அளவு வித்தியாசம். அதைச் சாத்தியமாக்குவது ஒத்ததிர்வு. அதற்கான நேரத்தைப் பார்த்துத் திறந்து மூடுவது தீப்பொறி இடைவெளி.

பொறியின் நீளத்தை வைத்து வோல்ட் சொல்ல முடியாது

உலர்ந்த காற்று ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட்டில் உடையும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இதை வைத்து "ஒரு மீட்டர் பொறி என்றால் 3 மில்லியன் வோல்ட்" என்று பலர் பெருக்கிவிடுகிறார்கள். அந்த எண் இரண்டு வழவழப்பான தகடுகளுக்கு நடுவே சீரான புலத்தில் பொருந்துவது. டெஸ்லா சுருளின் பொறி ஒரே தாவலில் பிறப்பதில்லை. ஒரு வெடிப்பு காற்றில் சூடான பாதை ஒன்றை விட்டுவிட்டுப் போகிறது. நூறில் ஒரு விநாடி கழித்து வரும் அடுத்த வெடிப்பு, இன்னும் ஆறாத அந்தப் பாதையிலேயே நடந்து இன்னும் கொஞ்சம் நீட்டுகிறது. இப்படி வளர்ந்து வளர்ந்துதான் அது மீட்டர் கணக்கில் போகிறது.

ஆகவே நீளத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது திறன். தீப்பொறி இடைவெளிச் சுருள்களுக்குப் பொழுதுபோக்காளர்கள் அனுபவத்தில் கண்ட ஒரு தோராய விதி உண்டு: வாட்டின் வர்க்கமூலத்தை 4.3ஆல் பெருக்கினால், நன்றாகச் சரிசெய்த சுருளின் பொறி நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 450 வாட்டுக்குச் சுமார் 90 சென்டிமீட்டர். நீளம் இரண்டு மடங்காக வேண்டும் என்றால் திறன் நாலு மடங்காக வேண்டும். நியூசிலாந்தில் ஒரு தனியார் சிற்பத் தோட்டத்தில் 1998இல் நிறுவிய எலெக்ட்ரம் என்ற சுருள் 11 மீட்டருக்கு மேல் உயரமானது, 130 கிலோவாட் எடுப்பது. பெரிய பொறிக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

"தொட்டால் ஒன்றும் ஆகாது"

இதைத்தான் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் வெளிப்பரப்பை ஒட்டியே ஓடும் என்பது செம்பைப் பொறுத்தவரை உண்மை. 200 கிலோஹெர்ட்ஸில் செம்புக்குள் அது சுமார் 0.15 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறங்கும். ஆனால் மனித உடல் செம்பைவிடப் பல மில்லியன் மடங்கு மோசமான கடத்தி. அதே கணக்கை நம் சதைக்குப் போட்டால் ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். உடம்பின் அகலமே அவ்வளவு கிடையாது. அதாவது மின்னோட்டம் உள்ளே போகத்தான் செய்கிறது.

பிறகு ஏன் வலிப்பதில்லை? நரம்பு தூண்டப்படுவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் ஓட்டத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்பதுதான் இதன் அர்த்தம், தீங்கு இல்லை என்பதல்ல. அறுவை சிகிச்சையில் சதையை வெட்டவும் ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கவும் பயன்படுத்தும் மின்கத்தி வேலை செய்வதும் சில நூறு கிலோஹெர்ட்ஸில்தான். மேடையில் பொறியை உடம்பில் வாங்குகிறவர்கள் உலோக வலை உடையோ கூண்டோ வைத்திருக்கிறார்கள். மின்னோட்டம் அந்த உலோகத்தில் ஓடுகிறது.

"கரண்ட் கம்மி" என்பதும் அப்படியே. நாம் கணக்குப் போட்ட சுருளில் முதன்மைச் சுற்றின் உச்ச மின்னோட்டம் சுமார் 300 ஆம்பியர். மேலிருந்து வரும் பொறி தப்பித் தவறி முதன்மைச் சுருளைத் தொட்டுவிட்டால், அந்தச் சூடான பாதை வழியே கீழே இருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் ஏறி வரலாம். உண்மையில் ஆளைக் கொல்வது கீழ்ப்பகுதிதான். நியான் விளம்பரப் பலகை டிரான்ஸ்பார்மர் 15,000 வோல்ட்டில் 30 அல்லது 60 மில்லியாம்பியர் தரும். இதயத்துடிப்பைக் குலைக்க அது போதும். மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றும் டிரான்ஸ்பார்மர் இன்னும் ஆபத்தானது. அழுத்தம் 2,000 வோல்ட் அளவுதான் என்றாலும் அது தரக்கூடிய மின்னோட்டம் பல மடங்கு அதிகம். முதல் தவறே கடைசித் தவறாகிவிடும். தயவுசெய்து அதைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்னொரு நம்பிக்கை சிங்கப்பூரில் அதிகம்: "வீட்டுல ஆர்சிசிபி இருக்கு, அது வெட்டிவிடும்." உள்ளே போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பி வருவதற்கும் 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளிலும் 2025 ஜூலை முதல் அது கட்டாயம் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்திருப்பது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் டிரான்ஸ்பார்மரின் மறுபக்கம் தனி மின்சுற்று. அங்கே நீங்கள் மாட்டிக்கொண்டால், உங்கள் வழியாகப் போகும் மின்னோட்டம் டிரான்ஸ்பார்மருக்கே திரும்பிவிடும். சுவர்ப் பக்கத்தில் வித்தியாசம் எதுவும் தெரியாது. ஆர்சிசிபி அசையாது.

இங்கே கட்டுவதென்றால்

வெளிநாட்டு வரைபடங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதியவை, 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸுக்குப் போட்ட கணக்கு. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே சொல்லும் மின்தேக்கி அளவை அப்படியே எடுக்கக் கூடாது. அதே டிரான்ஸ்பார்மர் திறனுக்கு இங்கே 1.2 மடங்கு பெரியது வேண்டும்.

மின்னணுப் பாகங்களுக்கு சிம் லிம் டவர். முதன்மைச் சுருளுக்கு ஏர்கான் பொருத்துகிறவர்கள் பயன்படுத்தும் கால் அங்குல செம்புக் குழாய் அருமையாகப் பொருந்தும். பழைய நியான் டிரான்ஸ்பார்மர் கிடைப்பதுதான் கடினம், ஏனென்றால் விளம்பரப் பலகைகள் எல்இடிக்கு மாறிவிட்டன. புதிய மின்னணு வகை நியான் பெட்டிகள் இதற்கு உதவாது. அவை தானே துண்டித்துக்கொள்ளும், அல்லது கெட்டுப்போகும்.

நம் ஊரின் ஈரப்பதம் தனிப் பிரச்சினை. அட்டைக் குழாயில் சுற்றினால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிவிசி குழாயையும் நன்றாகக் கழுவி, குளிர்சாதன அறையில் உலர வைத்து, அப்புறம்தான் சுற்ற வேண்டும். சுற்றி முடித்ததும் வார்னிஷ் பூசி மறுபடி உலரவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் கம்பிகளுக்கு நடுவே ஈரம் அடைபட்டுப்போகும்.

அப்புறம் நிலத்தொடர்பு, அதாவது எர்த். துணைச்சுருளின் அடிமுனை தரையோடு சேர வேண்டும். அதைச் சுவரில் இருக்கும் பிளக்கின் எர்த்தோடு இணைத்தால், லட்சக்கணக்கான ஹெர்ட்ஸ் மின்னோட்டம் கட்டடம் முழுவதும் ஓடும் எர்த் கம்பிக்குள் போய், உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கும் கருவிகளைப் பாழாக்கலாம். தனியாகத் தரையில் ஒரு செம்புத் தண்டை அடிக்க வேண்டும். பத்தாவது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அதற்கு வழியே இல்லை. தீப்பொறி இடைவெளி வானொலி அலைகளில் பரவலான இரைச்சலையும் கிளப்பும், ஓசோன் வாயுவையும் உண்டாக்கும். இதயமுடுக்கி பொருத்திய முதியவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். என் கருத்து இதில் உறுதியானது: தீப்பொறி இடைவெளிச் சுருளுக்கு அடுக்குமாடி வீடு இடமல்ல. பள்ளியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பொறுப்பான ஆசிரியர் இருக்கும் பட்டறைதான் அதற்கு இடம்.

பழையதைச் சீர்செய்வது

புதிதாகக் கட்டுவதைவிடப் பழைய சுருளுக்கு உயிர் கொடுப்பதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் வானாய்வகத்தில் 1937 முதல் மக்கள் பார்த்துவரும் சுருள் 1910இல் ஏர்ல் ஓவிங்டன் கட்டியது. நூறாண்டைத் தாண்டிய பிறகும் ஓடுகிறது. சுருள் என்பது கம்பியும் காற்றும்தான். தேய்ந்துபோக அதில் பெரிதாக எதுவும் இல்லை.

கெட்டுப்போவது பெரும்பாலும் காப்புப் பொருள். துணைச்சுருளில் ஓரிடத்தில் பொறி தாவியிருந்தால் அங்கே மெல்லிய கரிக்கோடு இருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். மேலே வார்னிஷ் பூசி மறைத்தால் அடுத்த முறையும் பொறி அங்கேயேதான் தாவும். கரி முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வளையத்தில் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகும். ஊஞ்சல் ஏறவே ஏறாது.

பழைய மின்தேக்கிகளை மட்டும் மீட்க முயல வேண்டாம். 1980க்கு முற்பட்ட எண்ணெய் நிரப்பியவற்றில் பிசிபி என்ற நச்சுப் பொருள் இருக்கக்கூடும். திறக்காமல் முறையாக அகற்ற ஏற்பாடு செய்துவிட்டு, பாலிபுரொப்பிலீன் மெல்லேட்டுச் சிறு மின்தேக்கிகளைத் தொடராகக் கோத்து மாற்றிவிடலாம். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 10 மெகா ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தால், சுவிட்சை அணைத்த பிறகு மிச்சமிருக்கும் மின்னூட்டம் தானே வடிந்துவிடும். அது இருந்தாலும், தொடுவதற்கு முன் காப்பிடப்பட்ட கோலால் இரண்டு முனைகளையும் இணைத்துப் பார்ப்பது கட்டாயம்.

சரிசெய்த சுருள் உயிர்பெற்றதும் தாளம் பொருத்த வேண்டும். முதன்மைச் சுருளில் இணைப்புக் கவ்வியை எந்தச் சுற்றில் மாட்டுகிறோம் என்பதே ஊஞ்சல் கயிற்றின் நீளம். கணக்கில் வந்த இடத்திலிருந்து அரைச் சுற்றாவது வெளியே தள்ளி மாட்டினால்தான் பெரும்பாலும் பொறி நீளும். காரணம், பாயும் பொறியே வளையத்தின் கொள்ளளவைக் கொஞ்சம் கூட்டி மேலே இருக்கும் அதிர்வெண்ணை இறக்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கியை வடித்த பிறகுதான் கவ்வியை நகர்த்த வேண்டும்.

முதல் சுருள்

இளையர்களுக்கு நான் சொல்வது 9 வோல்ட் பேட்டரிச் சுருள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயில் மெல்லிய எனாமல் கம்பியால் 250 சுற்று, அதன் அடியில் சாதாரண மின்கம்பியால் மூன்று சுற்று, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை. இதில் தீப்பொறி இடைவெளி கிடையாது, அந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. துணைச்சுருளின் அடிமுனையிலிருந்து அதற்குச் செய்தி போவதால், சுருள் தன் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். இதிலும் மேல்முனையில் விரல் வைத்தால் சிறு தீக்காயம் படும், அவ்வளவு கவனம் போதும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிஎஃப்எல் விளக்கு ஒன்றைப் பக்கத்தில் பிடித்தால் எந்தக் கம்பியும் இல்லாமல் எரியும். எவ்வளவு தூரத்தில் அணைகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேல்முனையில் அலுமினியத் தாள் உருண்டை ஒன்றை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். விளக்கு எரியவே இல்லையென்றால் பாகங்களைக் கழற்ற வேண்டாம். மூன்று சுற்றுச் சுருளின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றி இணைத்தால் போதும். திசை தலைகீழாக இருக்கும்போது ஒவ்வொரு தள்ளலும் ஆட்டத்துக்கு எதிராகப் போய்விடுவதால் சுருள் ஆடத் தொடங்குவதில்லை.